செவ்வாய்க்கிழமைகளில் வராத மாணவி

(உடல் எடை கூடுதலாக உள்ள மாணவர்களின் நலன் குறித்து, மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியில் உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடற்கல்வி ஆசிரியரை மேடைக்குக் கூப்பிடுவது பெரும்பாலும் கூட்டத்தை வரிசையாக உட்கார வைப்பதற்குத்தான். இன்று பேசவே அழைத்திருக்கிறார்கள். அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். சாப்பாட்டைப் பற்றிப் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பசியோடு இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, உடல் பருமன் உள்ள மாணவர்களுக்காகப் பள்ளி அளவில் என்ன செய்யலாம் என்பது. நான் என்ன செய்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். முதலில் செய்தது தவறு. அதை மறைத்துவிட்டுப் பிறகு செய்த நல்லவற்றை மட்டும் சொன்னால், நீங்களும் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அந்தத் தவறைத்தான் செய்வீர்கள். ஏனென்றால் யோசித்துப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். ஒரு பயிற்சிக்குப் போய் வந்த வேகத்தில், என் சொந்தப் பணத்தில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். ஆறு முதல் பத்து வரை எல்லா வகுப்புகளிலும் எடை பார்த்து, எடை கூடுதலாக இருந்த 14 பேரைத் தனியாகப் பிரித்தேன். தினமும் காலை எட்டரை மணிக்கு அவர்கள் மைதானத்துக்கு வர வேண்டும், நான்கு சுற்று ஓட வேண்டும். வாரம் ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, காலை வழிபாடு முடிந்ததும் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் மெஷினை வைத்து எடை பார்ப்பேன். குறைந்திருந்தால் கைத்தட்டல். கூடியிருந்தால் இன்னும் ஒரு சுற்று. பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். தலைமையாசிரியர் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார். மூன்று மாதத்தில் நாலைந்து பேருக்கு இரண்டு கிலோ வரை குறைந்தது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிள்ளைகள் அந்தக் குழுவுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ‘குண்டு பேட்ச்’. அது என் காதில் விழுந்தது. சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம். நன்றாகப் படிப்பாள், அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் சத்துணவு சமைக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், உங்க பேட்ச்ல ஓடுற அந்தப் புள்ள தட்டை வாங்கிட்டுப் போகுது. முட்டையைப் பக்கத்துல இருக்கிற சின்னப் புள்ளைக்குக் குடுத்துட்டு, சோத்தைத் தொட்டியில கொட்டிடுது. ரெண்டு வாரமா பாக்குறேன்” என்றார். சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. சொன்னதைக் கேட்கிறாளே என்று.

அடுத்த மாதம் அவளுடைய வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். “மேடம், இந்தப் பொண்ணு வருஷம் பூரா லீவே போடாதவ. இப்ப எட்டு நாள் ஆப்சென்ட். தேதியைப் பாருங்க” என்று காட்டினார். எட்டு நாளும் செவ்வாய்க்கிழமை.

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். “கூப்பிட்டுக் கண்டிக்கிறேன் சார்” என்றுதான் சொன்னேன். கண்டிக்கவும் செய்தேன். இரண்டு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை வந்தவள் வழிபாட்டு வரிசையிலேயே மயங்கி விழுந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டரைக்கும் கீழே இருந்தது. குண்டாக இருக்கும் பெண்ணுக்கு ரத்தசோகையா என்று நான் கேட்டேன். அந்த மருத்துவர் என்னைவிட வயதில் சின்னவர். “டீச்சர், எடை வேற, சத்து வேற” என்றார். பிறகு அவளுடைய காலரை லேசாக விலக்கிப் பின்கழுத்தைக் காட்டினார். கறுப்பாக, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தது. “இது அழுக்கு இல்ல. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கிறதுக்கு அடையாளம். பின்னாடி சர்க்கரை வியாதி வர வாய்ப்பு இருக்கு. இதை யாராவது முன்னாடியே பாத்திருக்கணும்” என்றார்.

பார்த்திருந்தோம். நான் பார்த்திருந்தேன். ‘கழுத்தைத் தேய்த்துக் குளித்துவிட்டு வா’ என்று வரிசையில் நிற்கவைத்து ஒரு முறை சொல்லியும் இருக்கிறேன். இந்த அரங்கில் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்போம் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கறுப்பு தேய்த்தால் போகாது. பின்கழுத்திலும் அக்குளிலும் அப்படி இருந்தால், பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளை, இரவில் பெரிதாகக் குறட்டை விடுவதாக அம்மா சொல்கிற பிள்ளை, மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகிற பெண்பிள்ளை, இவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்தான். ஆசிரியரால் செய்யக்கூடிய மருத்துவ வேலை இவ்வளவுதான். இதைச் செய்தாலே பெரிது.

அவளுடைய அம்மா வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர், பாதி வேலையில் எழுந்து வந்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “எனக்கு வயிறு பசிக்குதும்மா, ஆனா செவ்வாக்கிழமை எடை பாப்பாங்கன்னு அழுவா டீச்சர். டீச்சர் நல்லதுக்குத்தான் சொல்வாங்க, கேளுன்னு நான்தான் சொன்னேன்” என்றார்.

அன்றோடு அந்தக் குழுவைக் கலைத்துவிட்டேன். ஆனால் கலைத்துவிட்டு வேறு என்ன செய்வது என்று வெகுநாள் தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் நான் எதுவுமே செய்யவில்லை. அதுவும் ஒரு தவறுதான்.

சிங்கப்பூரில் படித்து வளர்ந்த என் சித்தி மகள் ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். “அக்கா, எங்க ஊர் ஸ்கூல்லயும் இது இருந்துச்சு. டாஃப் கிளப்னு பேரு” என்றாள். நான் ஒரு பள்ளியில் செய்ததை அங்கே ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 1992-ல் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, இடைவேளையிலும் பள்ளி தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பிறகும் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது இவர்கள் கயிறு தாண்டிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பள்ளியில் எடை கூடிய பிள்ளைகள் குறைவு என்பதற்குப் பரிசும் உண்டு. திட்டத்தின் பெயரைச் சுருக்கினால் டி, ஏ, எஃப். பிள்ளைகளுக்கு அதைத் திருப்பிப் படிக்க எத்தனை நேரம் ஆகும்? எஃப், ஏ, டி. ஃபேட். குண்டு. என் பள்ளிப் பிள்ளைகள் வைத்த அதே பெயர்.

இதில் நாம் நேர்மையாகப் பேச வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்தத் திட்டத்தில் எண்ணிக்கை குறைந்தது. 1992-ல் 14 சதவீதமாக இருந்த பருமன் 2006-ல் 9.5 சதவீதமாக இறங்கியது. அப்படி இருந்தும் 2007-ல் அவர்களே அதை நிறுத்தினார்கள். கேலி, அவமானம், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் மனநிலை என்று எழுந்த புகார்கள் அத்தனை. அதற்குப் பதிலாக, எல்லா மாணவர்களுக்குமான முழுமையான உடல்நலத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலை உணவையே மாற்றும் திட்டம் 2011-ல் வந்தது.

இங்கே ஒருவர் கைதூக்கிக் கேட்கலாம்: நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று? எண்ணிக்கை மறுபடி ஏறியது. 2013-ல் 11 சதவீதம், 2017-ல் 13 சதவீதம். அப்படியானால் கண்டிப்புதான் சரியோ என்று எனக்கும் சில நாள் தோன்றியது. என் நோட்டிலும் இரண்டு கிலோ குறைந்தது உண்மைதானே. ஆனால் அந்த இரண்டு கிலோ குறைந்த பையன்களில் ஒருவன் கோடை விடுமுறை முடிந்து வந்தபோது நான்கு கிலோ கூடியிருந்தான். விசில் ஊதும் வரை ஓடினான். விசில் நின்றதும் ஓட்டமும் நின்றது. ஓட்டம் என்றாலே அவனுக்குத் தண்டனை என்று நான் கற்றுக்கொடுத்திருந்தேன். ஓர் உடற்கல்வி ஆசிரியருக்கு இதைவிட மோசமான பாடம் வேறு இல்லை.

கண்டிப்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் வகுப்பறையைச் சேர்ந்தது. மத்திய அரசு 2016 முதல் 2018 வரை நடத்திய தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 24 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள். 5 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்துப் பேர் மெலிந்தவர்கள், இரண்டு பேர் பருமனானவர்கள். நகரத்துப் பள்ளிகளில் இந்தக் கணக்கு மாறும். அந்த வகுப்பில் நின்றுகொண்டு ‘குறைத்துச் சாப்பிடுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் பத்துப் பேருக்குக் கெடுதல். இரண்டு பேரை மட்டும் எழுப்பிச் சொன்னால் அந்த இரண்டு பேருக்குக் கெடுதல். பன்னிரண்டு பேருக்கும் மீதி இருபத்தெட்டுப் பேருக்கும் பொருந்துகிற மாதிரி என்ன சொல்ல முடியும், என்ன செய்ய முடியும் என்று தேடினால் மட்டும்தான் வழி கிடைக்கிறது. முட்டை, பயறு, கீரை, காய், பழம், தண்ணீர், விளையாட்டு, தூக்கம். இவை மெலிந்தவருக்கும் வேண்டும், பருமனானவருக்கும் வேண்டும்.

வளரும் பிள்ளை எடையைக் குறைக்க வேண்டும் என்பதே பெரும்பாலும் இல்லை. உயரம் கூடிக்கொண்டே போகும். எடை அதே இடத்தில் நின்றால் போதும், இரண்டு ஆண்டில் தானாகச் சரியாகும். இதை அந்தச் சின்ன வயது மருத்துவர்தான் எனக்குச் சொன்னார். பெற்றோருக்கு இதைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

பி.எம்.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு 25 என்று ஓர் எல்லை வைத்திருக்கிறோம். அதைப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனி எண். 10 வயதுச் சிறுமிக்கு 19-ஐத் தாண்டினால் எடை கூடுதல். 13 வயதுப் பெண்ணுக்கு அதே எல்லை 21.8, 13 வயதுப் பையனுக்கு 20.8. அட்டவணை இல்லாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுகாதாரத் துறையின் பள்ளி மருத்துவக் குழு வரும்போது உயரமும் எடையும் கதவைச் சாத்திய அறையில், ஒவ்வொருவராக, எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்கு அந்த எண் தெரியக் கூடாது.

இப்போது பிறகு செய்தவை. எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

முதலில் நான் பார்த்தது என் விளையாட்டுப் பாடவேளையைத்தான். ஸ்டாப் வாட்ச்சை எடுத்துக்கொண்டு மைதான ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் பருமனான ஒரு பெண்ணை மட்டும் அவளுக்குத் தெரியாமல் கவனித்தேன். நாற்பது நிமிடப் பாடவேளை. வரிசையில் நின்றது, அணி பிரித்தது, கோ-கோவில் உட்கார்ந்திருந்தது, முதல் ஆளாக அவுட் ஆகி மரத்தடிக்குப் போனது எல்லாம் போக, அவள் உடம்பு உண்மையில் அசைந்தது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவு உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் கொடுத்தது ஆறு. அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள்.

நம் விளையாட்டுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவுட் ஆனவர் வெளியே உட்கார வேண்டும். முதலில் அவுட் ஆவது யார்? மெதுவாக ஓடுகிறவர். அதாவது, யார் அதிகம் ஓட வேண்டுமோ அவரைத்தான் முதலில் உட்கார வைக்கிறோம். நன்றாக ஓடுகிற பிள்ளை கடைசி வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு விதியை மாற்றினேன். அவுட் ஆனவர் உட்காரக் கூடாது. மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும் வேப்ப மரத்தைத் தொட்டுவிட்டு வந்து மறுபடி சேர்ந்துகொள்ளலாம். ஓடியும் வரலாம், நடந்தும் வரலாம். ஒரே பெரிய ஆட்டத்துக்குப் பதில் நான்கு பேர், ஐந்து பேர் கொண்ட சின்னச் சின்ன ஆட்டங்கள். வளையப்பந்து, எறிபந்து, பாண்டி, நொண்டி, கயிறு தாண்டுதல். அணித் தலைவர்கள் ஆள் பொறுக்கும் வழக்கத்தை நிறுத்தினேன். கடைசி வரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒரு முறை பார்த்தால் நீங்களும் நிறுத்துவீர்கள். பெயர் வரிசைப்படி பிரித்துவிடுவேன். பருமனான பையனைக் கோல் கீப்பராகவும் கயிறு இழுப்பில் கடைசி ஆளாகவும் மட்டுமே நிறுத்தும் நம் பழக்கத்தையும் விட்டேன். அவனுக்கும் பந்தைத் துரத்த ஆசை இருக்கும்.

ஒரு பெண் மட்டும் என்ன சொன்னாலும் ஓட மாட்டாள். சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தேன். தனியாகக் கேட்டபோது, “டீச்சர், சுடிதார் தையல் விட்டுடும்” என்றாள். விலையில்லாச் சீருடை அவள் அளவுக்குக் கிடைக்கவில்லை. இருந்ததில் பெரியதை இறுக்கிப் போட்டுக்கொண்டு ஓர் ஆண்டு முழுக்கக் கையைத் தூக்காமல் நடமாடியிருக்கிறாள். தையல் தெரிந்த சத்துணவு அக்காவே இரண்டு பக்கமும் பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் அவள் எறிபந்து ஆடினாள். சீருடை அளவு எடுக்கும் நாளில் பருமனான பிள்ளைகளின் அளவைக் கொஞ்சம் கவனமாகக் குறித்து அனுப்புங்கள். உடற்பருமன் திட்டம் என்று எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது.

மைதானத்தைச் சுற்றி ஓடு, தோப்புக்கரணம் போடு என்ற தண்டனைகளை எங்கள் பள்ளியில் நிறுத்தச் சொன்னேன். தாமதமாக வந்தவனை ஓடவிட்டால், ஓட்டமும் தண்டனையும் அவன் மனதில் ஒன்றாகிவிடும். இதற்கு ஒத்துக்கொள்ள வைக்கத்தான் அதிக நாள் ஆனது.

கணக்கு ஆசிரியரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கே வந்திருக்கிற கணக்கு ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அரையாண்டு முடிந்தால் பி.டி. பீரியடு கணக்கு பீரியடாக மாறுவது நம் மாநிலம் முழுக்க நடப்பதுதான். நான் அவரோடு சண்டை போடவில்லை. “சார், ஒரு வகுப்பை நீங்க மைதானத்துல எடுங்க, நான் வர்றேன்” என்றேன். குளிர்பான பாட்டில், பிஸ்கட் உறை, சிப்ஸ் உறைகளைப் பிள்ளைகளே சேகரித்துக்கொண்டு வந்தார்கள். உறையில் 100 மில்லிக்கு, 100 கிராமுக்கு என்று போட்டிருக்கும். அதிலிருந்து ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு சர்க்கரை என்று கணக்குப் போட்டார்கள். 250 மில்லி பாட்டிலில் 25 கிராமுக்கு மேல் வந்தது. அந்த அளவு சர்க்கரையை டீஸ்பூனால் அளந்து ஒரு டம்ளரில் கொட்டி மேசை மேல் வைத்தோம். ஐந்தாறு ஸ்பூன். யாரும் எதுவும் பேசவில்லை. ஒரு பையன் மட்டும், “சார், எங்க பாட்டி சுகர் பேஷன்ட். இதை ஜூஸ்னு நினைச்சுக் குடிக்குது” என்றான். விகிதமும் சதவீதமும் அன்றைக்கு அவனுக்குப் புரிந்த மாதிரி கரும்பலகையில் புரிந்திருக்காது என்று அந்த ஆசிரியரே சொன்னார். அதற்குப் பிறகு அவர் என் பீரியடைக் கேட்பது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

பாடத்தோடு இதைச் சேர்ப்பது புதிதல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1995 முதல் 1997 வரை பத்து நடுநிலைப் பள்ளிகளை வைத்து ‘பிளானட் ஹெல்த்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். அதில் பாதிப் பள்ளிகளில் மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், உடற்கல்வி ஆசிரியர்களே தங்கள் பாடங்களுக்குள் உணவு, விளையாட்டு, தொலைக்காட்சி நேரம் பற்றிய பாடங்களை நடத்தினார்கள். எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரிக்கவில்லை. இரண்டு ஆண்டு முடிவில் பெண்பிள்ளைகளிடம் பருமன் குறைந்தது. ஆண்பிள்ளைகளிடம் அப்படிக் குறையவில்லை. தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தைக் குறைத்த பெண்களிடம்தான் அந்தப் பலன் தெரிந்தது. இன்றைக்கு நம் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி இருக்கும் இடத்தில் செல்போன் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் விஷயம் இன்னும் எளிது. ஜெர்மனியில் டார்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களில் 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் வைத்து, தண்ணீரைப் பற்றி நாலைந்து பாடம் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் நாளுக்கு ஒரு டம்ளர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தார்கள். ஒரு கல்வியாண்டு முடியும்போது, எடை கூடும் வாய்ப்பு அவர்களிடம் சுமார் 31 சதவீதம் குறைவாக இருந்தது. நம் பள்ளிகளிலும் இப்போது தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறோம். மணி அடித்தால் மட்டும் போதாது; குழாயில் தண்ணீர் வர வேண்டும், கழிவறை சுத்தமாக இருக்க வேண்டும். கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காத பெண்பிள்ளைகள் நம் பள்ளிகளில் எத்தனை பேர் என்பது பெண் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இனி வாசலில் இருக்கும் கடை. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. விதியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் சண்டைதான் வரும். எங்கள் வாசலில் கடை வைத்திருந்த அம்மா கணவர் இல்லாதவர். அந்தப் பெட்டிக்கடைதான் அவர் பிழைப்பு. நானும் தலைமையாசிரியரும் போய் உட்கார்ந்து பேசினோம். அவித்த கடலை, சுண்டல், கொய்யா, நெல்லிக்காய், கடலை மிட்டாய் வைத்துப் பாருங்கள் என்றோம். வைத்தார். முதல் வாரம் சுண்டல் விற்கவில்லை. மாலைக்குள் ஊசிப்போய்க் கொட்டினார். இரண்டாவது வாரம் பாக்கெட் சரங்கள் மறுபடி தொங்கின. நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: “உங்க டீச்சருங்கதான் டீ நேரத்துக்கு முதல்ல ஆள் அனுப்பி பாக்கெட் வாங்குறாங்க. புள்ளைங்க அதைத்தான் பாக்குது.”

அவர் சொன்னது சரி. அதன் பிறகு ஆசிரியர் அறைக்குத் தினமும் சுண்டல் வாங்க ஆரம்பித்தோம். நாங்கள் வாங்கியதால் அவருக்குக் கைநஷ்டம் இல்லை. பிள்ளைகளும் மெதுவாக வாங்கத் தொடங்கினார்கள். பாக்கெட்டுகள் முற்றிலும் போய்விடவில்லை. கடையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போயின. பிறந்தநாளுக்குச் சாக்லேட் டப்பா கொண்டுவரும் வழக்கத்தை மட்டும் எங்களால் இன்றுவரை மாற்ற முடியவில்லை. வகுப்புக்கு ஒரு புத்தகம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். புத்தகமும் வருகிறது, சாக்லேட்டும் வருகிறது.

காலை உணவுத் திட்டம் 2022-ல் வந்தபோது ஒரு சக ஆசிரியர், ‘ஏற்கெனவே குண்டா இருக்கிற புள்ளைக்குக் காலையிலும் சோறா’ என்று கேட்டார். இந்தக் கேள்வி உங்கள் பள்ளியிலும் எழலாம். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைதான் பதினோரு மணி இடைவேளையில் பத்து ரூபாய் பாக்கெட்டை உடைக்கிறது. காய்கறி சாம்பாரோடு உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளைக்கு அந்தப் பசி இருக்காது. எந்தப் பிள்ளையின் தட்டையும் எட்டிப் பார்த்து ‘உனக்குப் போதும்’ என்று சொல்லாதீர்கள். பரிமாறும் அக்காமாரிடமும் சொல்லி வையுங்கள். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு மாத்திரையும் பருமனான பிள்ளைக்கும் உண்டு. இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிட்டேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், எங்களிடம் உடற்கல்வி ஆசிரியரே இல்லையே என்று நினைப்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை 2012-ல் ஒரு காரியம் செய்தார். தினமும் 15 நிமிடம், எல்லா வகுப்புகளும், ஆசிரியரோடு சேர்ந்து வெளியே போய் ஓடுவது அல்லது நடப்பது. உடை மாற்ற வேண்டாம், போட்டி இல்லை, முதல் இடம் கடைசி இடம் இல்லை, பேசிக்கொண்டே போகலாம். ‘டெய்லி மைல்’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் ஊர் வெயிலுக்குப் பத்து மணிக்கு முன்பாகவோ மாலை கடைசி மணிக்கு முன்பாகவோ வைத்துக்கொள்ளலாம். மைதானம் இல்லாத பள்ளியில் கட்டடத்தைச் சுற்றிவரலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்கள் கூடவே நடந்தால் போதும். அவர்கள் தாமாக ஓடுவார்கள்.

உயரம் அளக்கும் கோடு ஒன்றைச் சுவரில் வரைந்துவையுங்கள். எடையைப் பற்றிப் பேசாமலே ‘போன மாசத்தை விட எவ்வளவு வளர்ந்திருக்கே’ என்று பேசலாம். ‘குண்டு’, ‘பூசணி’, ‘அரிசி மூட்டை’ போன்ற பெயர்களைப் பிள்ளைகள் சொன்னால் சிரித்துவிட்டு நகராதீர்கள். ஆண்டு விழா நாடகத்தில் பருமனான பிள்ளைக்குப் பீமன் வேடமும் சாப்பாட்டு ராமன் வேடமும் மட்டும் கொடுக்காதீர்கள். நன்றாகப் பாடுகிற பிள்ளையாக இருந்தால் பாட வையுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். மருத்துவம் தொடர்ந்து பார்த்தார்கள், ரத்தசோகை சரியானது. பத்தாம் வகுப்பு முடித்துப் போனாள். சென்ற ஆண்டு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள். ஒல்லியாகிவிட்டாள் என்று சொன்னால் உங்களுக்கு நிறைவாக இருக்கும். ஆகவில்லை. தினமும் சாயங்காலம் நடக்கிறேன் டீச்சர் என்றாள். நான் அப்போது நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க டீச்சர்” என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து, “அந்த மெஷின் இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

இருக்கிறது. அறிவியல் ஆய்வகத்தில் இருக்கிறது. பழைய செய்தித்தாள் எடை போட எடுக்கிறார்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. வணக்கம்.